முதல் முறையாக செல்ஃப் டிரைவ் கார் எடுக்கப் போகிறேன், வாடகை போக வேறு எதில் எல்லாம் காசு போகும்?

கனகாம்பரம் | சனி, காலை 10:12

வணக்கம். லைசென்ஸ் வாங்கி நான்கு வருடம் ஆகிறது. சொந்தக் கார் கிடையாது, அப்பாவின் பழைய வேகன் ஆரைப் பெரம்பூரிலிருந்து அண்ணா நகர் வரை ஓட்டியதோடு சரி, போன தீபாவளிக்கு அதையும் விற்றுவிட்டார். கணவருக்கு ஓட்டத் தெரியாது. மே முதல் வாரம் ஊட்டி போகலாம் என்று முடிவு, நாங்கள் இருவர், பிள்ளைகள் இருவர், மாமியார். டாக்ஸி கேட்டால் மூன்று நாளுக்கு டிரைவர் பேட்டா போக 17,000 சொச்சம் சொல்கிறார்கள். ஒரு ஆப்பில் செல்ஃப் டிரைவ் நாளுக்கு 1,880 என்று போட்டிருந்தது, மூன்று நாளுக்கு 5,640தானே என்று சந்தோஷமாகப் பணம் கட்டும் பக்கம் வரை போனேன், அங்கே அது 9,000-ஐத் தாண்டி நிற்கிறது. பாதுகாப்புக் கட்டணம், வசதிக் கட்டணம், வரி, டெபாசிட் என்று ஒரு பட்டியல். ஆபீஸில் ஒருவர், வண்டியைத் திருப்பிக் கொடுத்து நாலு நாள் கழித்து இன்னும் 7,000 கேட்டார்கள் என்று வேறு பயமுறுத்திவிட்டார். எதற்கு என்று அவருக்கே சரியாகச் சொல்லத் தெரியவில்லை.

எடுத்துப் பழகியவர்கள் சொல்லுங்கள். எங்கெல்லாம் கை வைப்பார்கள்?

பழைய_யார்டுக்காரன் | சனி, காலை 11:30

நான் இரண்டு வருடம் ஒரு செல்ஃப் டிரைவ் கம்பெனியின் யார்டில் வண்டி கொடுத்து வாங்கும் வேலை பார்த்தவன். பெயர் வேண்டாம், இப்போது அந்தப் பக்கமே போவதில்லை.

மேடம், நீங்கள் வாடகையைப் பார்க்கிறீர்கள், பார்க்க வேண்டியது கிலோமீட்டரை. அந்த 1,880-க்கு நாளுக்கு எத்தனை கிலோமீட்டர் என்று அதே பக்கத்தில் கீழே போட்டிருக்கும். 120 என்று வைத்துக்கொள்ளுங்கள், மூன்று நாளுக்கு 360. சென்னையிலிருந்து ஊட்டி ஒரு வழியே 550-ஐத் தொடும். போக வர 1,100, அங்கே சுற்ற ஒரு 150, மொத்தம் 1,250. இலவசம் 360 போக மிச்சம் 890. கூடுதல் கிலோமீட்டருக்கு 12 ரூபாய் என்றால் 10,680. அதாவது 5,640 வாடகைக்கு 10,680 கிலோமீட்டர் காசு. இதை யாரும் ஒளித்து வைக்கவில்லை, சின்ன எழுத்தில் போட்டிருப்பார்கள், நாம்தான் பெரிய எழுத்தைப் பார்த்துவிட்டு ஓகே அழுத்துவோம். உங்கள் ஆபீஸ்காரரின் 7,000-மும் பெரும்பாலும் இதுவாகத்தான் இருக்கும்.

வரம்பில்லாத கிலோமீட்டர் திட்டம் பல இடங்களில் இருக்கிறது, நாள் வாடகை கூடும். தூரப் பயணத்துக்கு அதுதான் கட்டுப்படியாகும். உங்கள் மொத்தக் கிலோமீட்டரைப் போட்டு இரண்டையும் கூட்டிப் பாருங்கள்.

நொய்யல்கரை | சனி, மதியம் 12:05

எதுக்குங்க சென்னையிலேயே கார் எடுக்கணும்? நீலகிரி எக்ஸ்பிரஸில் ராத்திரி ஏறினால் காலையில் கோயம்புத்தூர். இங்கே வண்டி எடுத்துக்கோங்க. இங்கிருந்து ஊட்டி 90 கிலோமீட்டருக்குள்தான். போக வர 180, மேலே சுற்ற 150 என்றாலும் உங்களுக்குக் கொடுக்கிற 360-க்குள் முடிந்துவிடும். 550 கிலோமீட்டரை நீங்க ஒருத்தரே ஓட்டிட்டு வந்து, அந்தக் களைப்போடு மலை ஏறுவது முதல் தடவைக்கு வேண்டாம்ங்க. காசு ஒரு பக்கம் இருக்கட்டும்.

டோல்கேட்டும் மிச்சம். பரனூர், ஆத்தூர், விக்கிரவாண்டி, அப்புறம் சேலம் ரோட்டில் வீரசோழபுரம், நத்தக்கரை, மேட்டுப்பட்டி, இந்தப் பக்கம் வைகுந்தம், விஜயமங்கலம். எட்டு, திரும்பி வர இன்னொரு எட்டு.

கனகாம்பரம் | சனி, மாலை 6:48

டிரெயின் யோசனை பிரமாதம், எனக்கு ஏன் தோன்றவில்லை என்று தெரியவில்லை. டிக்கெட் பார்க்கிறேன்.

இன்னொன்று. கோவையில் இருக்கும் தோழி ஒருத்தி, வாட்ஸ்அப் குழுவில் வந்தது என்று ஒரு நம்பர் கொடுத்தாள். பேசினேன். புது ஸ்விஃப்ட், நாளுக்கு 1,300தான், கிலோமீட்டர் கணக்கே கிடையாதாம். டெபாசிட் 5,000 ஜிபேயில் போட்டுவிட்டு ஒரிஜினல் ஆதாரைக் கொடுத்தால் போதும் என்றார். போலீஸ் நிறுத்தினால் மட்டும் சொந்தக்காரர் வண்டி என்று சொல்லுங்கள் என்றார். இந்தக் கடைசி வரிதான் இடிக்கிறது.

கிளைம்_சர்வேயர் | சனி, இரவு 8:20

இடிக்கத்தான் வேண்டும். நான் வாகனக் காப்பீட்டில் சேதம் மதிப்பிடும் வேலையில் இருக்கிறேன், அந்த வரியின் விலை என்ன என்று சொல்கிறேன்.

நாமே ஓட்டுகிற வாடகைக் காருக்கு நம்பர் பிளேட் கறுப்பு, எழுத்து மஞ்சள். டாக்ஸிக்கு மஞ்சள் பலகையில் கறுப்பு எழுத்து, சொந்தக் காருக்கு வெள்ளை. 1989-இல் மத்திய அரசு கொண்டுவந்த ரென்ட் எ கேப் திட்டப்படி குறைந்தது 50 வண்டி வைத்திருப்பவருக்குத்தான் இந்தத் தொழிலுக்கு உரிமம். வெள்ளைப் பலகை வண்டியை வாடகைக்கு விடுவது பெர்மிட் இல்லாமல் ஓட்டுவதற்குச் சமம், அபராதம் 10,000 ரூபாய், வண்டியையும் பிடித்து வைக்கலாம். ஊட்டி போகும் வழியில் மாமியாரோடும் இரண்டு பிள்ளைகளோடும் சாலையில் நிற்பதை நினைத்துப் பாருங்கள்.

ஆனால் என் கவலை அது இல்லை. சொந்தக் காரின் பாலிசியில் 'வாடகைக்கோ கட்டணத்துக்கோ பயன்படுத்தினால் பொருந்தாது' என்று ஒரு நிபந்தனை எல்லாக் கம்பெனியிலும் உண்டு. வண்டி எதிலாவது மோதினால், வாடகைக்கு விட்டது தெரிந்ததும் கிளைமை நிராகரிப்பார்கள். புது ஸ்விஃப்டின் முன்பக்கம் முழுக்கப் போனால் பம்பர், விளக்குகள், ரேடியேட்டர், பானெட் எல்லாம் சேர்த்து லட்சத்தைத் தாண்டிவிடும். அந்த மனிதர் யாரிடம் கேட்பார்? உங்கள் ஒரிஜினல் ஆதார் யாரிடம் இருக்கிறது?

ரைடர்மணி | சனி, இரவு 9:02

சும்மா பயமுறுத்தாதீங்க சார். நான் பத்துத் தடவைக்கு மேல் வெள்ளை போர்டு எடுத்திருக்கிறேன், கொடைக்கானல், ஏற்காடு, மூணாறு எல்லாம் போயாச்சு. ஒரு பிரச்சினையும் இல்லை. ஆப்பில் எடுத்தால் மட்டும் என்ன வாழுது? அவனும்தான் பிடுங்குகிறான். நாளுக்கு 600 ரூபாய் வித்தியாசம் என்பது நடுத்தரக் குடும்பத்துக்குச் சின்னக் காசா?

கிளைம்_சர்வேயர் | சனி, இரவு 9:31

மோதாத வரை யாருக்கும் பிரச்சினை இல்லை மணி. என்னிடம் வருபவர்கள் எல்லோரும் பதினோராவது தடவை எடுத்தவர்கள்.

ரைடர்மணி | சனி, இரவு 9:34

சரி சார், உங்க பிழைப்பே அதுதானே.

மீன்குழம்பு_ஞாயிறு | சனி, இரவு 10:15

மணி சொல்கிற காசு மிச்சத்தையும் கொஞ்சம் பார்ப்போம். போன வருடம் நான் ஒரு வெள்ளை போர்டு எடுத்து மதுரை போய் வந்தேன். வந்ததும் ஓனர் டோல் காசு என்று 1,400 ரூபாய் வாங்கிக்கொண்டார், நானும் கொடுத்துவிட்டேன். அப்புறம் ஒரு நாள் பேச்சுவாக்கில் அவரே சொல்கிறார், நான் ஃபாஸ்டேக் வருட பாஸ் போட்டிருக்கிறேன், 3,000 ரூபாய்க்கு 200 தடவை, செம லாபம் என்று. 2025 ஆகஸ்ட் 15-லிருந்து வந்ததே, அந்த பாஸ். 3,000-ஐ 200-ஆல் வகுத்தால் ஒரு கேட்டுக்கு 15 ரூபாய். என்னிடம் வாங்கியது முழுக் காசு. சொந்தக் காருக்கு மட்டும் கொடுக்கும் பாஸை வைத்து வாடகைக்காரனிடம் சம்பாதிக்கிறார் மனிதர்!

கறுப்பு பலகைக்கு அந்த பாஸ் கிடையாது. அதில் டோல் காசு கேட்டால் நியாயம்தான், ஆனால் மொத்தமாக ஒரு தொகை சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். ஃபாஸ்டேக் பதிவில் எந்தக் கேட், எந்த நேரம் எல்லாம் இருக்கும், அதைக் காட்டச் சொல்லுங்கள். டேகில் காசு இருக்கிறதா என்று கிளம்பும்போதே கேட்பது முக்கியம், இல்லாவிட்டால் கேட்டில் யுபிஐயில் ஒன்றே கால் மடங்கு கட்ட வேண்டியிருக்கும்.

வடலி | ஞாயிறு, அதிகாலை 3:40

லண்டனில் இருந்து எழுதுகிறேன், அதனால்தான் இந்த நேரம். இங்கே கார் வாடகைக்கு எடுக்கும்போது 'எக்ஸஸ்' என்று ஒரு தொகை சொல்லுவார்கள். வாகனத்துக்கு எவ்வளவு சேதம் வந்தாலும் முதல் இவ்வளவு காசு உங்களுடையது, அதற்கு மேலே காப்புறுதி பார்க்கும் என்று அர்த்தம். அந்தத் தொகையைக் குறைக்கத்தான் கவுண்டரில் இன்னொரு காப்புறுதியை விற்பார்கள். போன வருடம் சென்னைக்கு வந்து கார் எடுத்தபோது அந்தப் 'பாதுகாப்புக் கட்டணம்' என்பதும் இதே சங்கதிதான் என்று விளங்கியது. ஆகவே தங்கச்சி, பாதுகாப்புக் கட்டணம் கட்டிவிட்டோம், இனி எல்லாம் அவர்கள் பொறுப்பு என்று நினைக்க வேண்டாம். கட்டினால் என் பொறுப்பு எந்தத் தொகை வரை, கட்டாவிட்டால் எது வரை, இரண்டையும் எழுத்தில் கேளுங்கள். வாயால் சொல்வதை நம்பி நான் ஒருமுறை மாட்டினேன், அதை இங்கே கதைக்கத் தொடங்கினால் விடிந்துவிடும்.

கிளைம்_சர்வேயர் | ஞாயிறு, காலை 7:55

வடலி சொல்வது நூற்றுக்கு நூறு. அதோடு, எதெல்லாம் இந்தப் பாதுகாப்புக்குள் வராது என்றும் கேளுங்கள். வழக்கமாக வராதவை: டயர் மட்டும் கிழிந்தால் வராது, வண்டியும் சேர்ந்து அடிபட்டால்தான் டயருக்குப் பாதி தேறும். கிளட்ச் பிளேட் தேய்மானம் வராது. அடியில் கல் பட்டு ஆயில் சம்ப் (இன்ஜின் ஆயில் தொட்டி) ஓட்டையாகி, அது தெரியாமலோ தெரிந்தோ அப்படியே ஓட்டி இன்ஜின் போனால் சம்புக்கு வரும், இன்ஜினுக்கு வராது. டேஷ்போர்டில் சிவப்பு விளக்கு எரிந்தால் ஓரம் கட்டி நிறுத்துங்கள், 'அடுத்த ஊர் வரை போய்விடலாம்' என்பதுதான் நான் பார்த்ததிலேயே விலை கூடிய வாக்கியம்.

பதிவு செய்தவரைத் தவிர வேறு யாரும் ஸ்டியரிங்கைத் தொடக்கூடாது. நல்லவேளை உங்கள் கணவருக்கு ஓட்டத் தெரியாது.

பழைய_யார்டுக்காரன் | ஞாயிறு, காலை 9:10

கிளட்ச் பற்றிப் பிறகு சொல்கிறேன். முதலில் வண்டி வாங்கும் பதினைந்து நிமிடம். நான் அந்தப் பக்கம் நின்றவன் என்பதால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

வண்டியைக் கழுவி ஈரத்தோடு கொண்டுவந்து நிறுத்துவோம். வாடிக்கையாளர் பளபளப்பைப் பார்த்துச் சந்தோஷப்படுவார். ஈரமான வண்டியில் மெல்லிய கீறல் தெரியாது, அதுதான் சங்கதி. நாங்கள் வேண்டுமென்றே அப்படிச் செய்தோம் என்று சொல்லமாட்டேன், அவசரத்தில் கழுவி அவசரத்தில் கொடுப்போம், அவ்வளவுதான். ஆனால் திரும்பி வரும்போது வண்டி காய்ந்து தூசியோடு வரும், துடைத்துப் பார்ப்போம், கீறல் தெரியும். நீங்கள் ஒரு துணியை வாங்கி, துடைத்துவிட்டுப் பாருங்கள். பேஸ்மென்ட் இருட்டில் கொடுத்தால் வெளிச்சத்துக்குக் கொண்டுவரச் சொல்லுங்கள், முறைப்பார்கள், பரவாயில்லை.

வீடியோ எடுக்கும்போது நம்பர் பிளேட்டில் ஆரம்பித்து ஒரே ஓட்டமாக வண்டியைச் சுற்றுங்கள், வெட்டாமல். யார்டு ஆள் ஃபிரேமுக்குள் இருந்தால் இன்னும் நல்லது. எல்லோரும் கதவைத்தான் எடுப்பார்கள். நாங்கள் காசு போட்டது கதவுக்கு இல்லை. பம்பரின் அடி உதடு, அதற்குக் குனிய வேண்டும். நான்கு வீல் விளிம்பு, பிளாட்பாரத்தில் உரசிய தழும்பு அங்கேதான் இருக்கும். டயரின் பக்கவாட்டில் வீக்கம். முன் கண்ணாடியில் கல் தெறித்த புள்ளி, உள்ளே உட்கார்ந்து வெளிச்சத்துக்கு எதிராகப் பார்த்தால்தான் தெரியும். வண்டிக் கூரை, யாரும் பார்ப்பதில்லை. டிக்கியைத் திறந்து ஸ்டெப்னி, ஜாக்கி, வீல் ஸ்பேனர். ஏசி, வைப்பர், நான்கு ஜன்னலும் ஏறி இறங்குகிறதா. கடைசியாக சாவியைப் போட்டு, ஓடிய கிலோமீட்டரும் பெட்ரோல் கோடும் ஒரே படத்தில் வருகிற மாதிரி ஒரு போட்டோ. அந்தப் படத்தை அங்கேயே அவர்கள் நம்பருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள், நேரம் அதில் பதிவாகிவிடும்.

பெட்ரோல் தனிக் கதை. எத்தனை கோட்டில் கொடுத்தோமோ அத்தனை கோட்டில் திருப்பித் தர வேண்டும் என்பது விதி. கோடு என்பது லிட்டர் இல்லை. ஒரு கோட்டுக்குள் நாலைந்து லிட்டர் அடங்கும், கடைசிச் சொட்டு வரை அந்தக் கோடு எரியும். நாலு கோடு என்று கொடுத்த வண்டி யார்டைத் தாண்டி இரண்டு கிலோமீட்டரில் மூன்று கோடாகிவிடும், நீங்கள் நாலாக்கித் தர ஐந்து லிட்டர் போட வேண்டியிருக்கும். முழு டேங்க் கொடுத்து முழு டேங்க் வாங்கும் இடமாக இருந்தால் சண்டையே இல்லை. குறைந்தால் பெட்ரோல் விலையோடு நிரப்பும் கூலி என்று ஒன்று போடுவார்கள், அதனால் திருப்பும்போது யார்டுக்குப் பக்கத்து பங்க்கில் போட்டு பில்லை வைத்துக்கொள்ளுங்கள்.

வண்டி எண் தெரிந்ததும் அரசின் எம்பரிவாகன் ஆப்பில் போட்டுப் பாருங்கள். இன்ஷூரன்ஸ், எஃப்சி (தகுதிச் சான்று) தேதி தெரியும். வகையில் மோட்டார் கேப் என்று இருக்க வேண்டும், மோட்டார் கார் என்றிருந்தால் பலகையில் என்ன பெயின்ட் அடித்திருந்தாலும் அது சொந்த வண்டி. செலான் பாக்கி இருக்கிறதா என்றும் பார்த்து ஸ்கிரீன்ஷாட் எடுங்கள், பழைய ஆள் சிக்னல் தாண்டியதற்கு உங்களிடம் வரக்கூடாது.

ஒரிஜினல் ஆதார், பைக், பைக் ஆர்சி, இதையெல்லாம் அடமானம் மாதிரிக் கேட்கும் இடத்துக்கே போகாதீர்கள்.

கனகாம்பரம் | ஞாயிறு, மதியம் 1:20

பேப்பரில் எழுதி வைத்துக்கொண்டேன் அண்ணா. ரொம்ப நன்றி. வெள்ளை போர்டு வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டேன், மணி அண்ணா கோபித்துக்கொள்ளக் கூடாது.

கிளட்ச் என்றீர்களே, அது என்ன? எனக்கு மேட்டில் வண்டியை எடுப்பது என்றாலே பயம், பெரம்பூர் பாலத்திலேயே பின்னால் நழுவும். ஆட்டோமேட்டிக் எடுத்தால் தப்பிக்கலாமா?

நொய்யல்கரை | ஞாயிறு, மதியம் 2:45

கல்லாறு தாண்டினால் குன்னூர் வரைக்கும் 14 கொண்டை ஊசி வளைவுங்க. மே மாதம் சனி ஞாயிறில் அதில் வண்டி நின்று நின்றுதான் ஏறும். நிற்கும்போது கிளட்சைப் பாதி அமுக்கி ஆக்ஸிலேட்டரில் பிடித்து வைப்பார்கள் பாருங்க, அங்கேதான் பிளேட் தீயும். கருகின வாசனை வரும், ரப்பர் எரிகிற மாதிரி. அதற்குப் பதிலாக ஹேண்ட் பிரேக்கைப் போட்டு, நியூட்ரலில் காலை எடுத்துடுங்க. கிளம்பும்போது ஃபர்ஸ்ட் போட்டு, கிளட்சை மெல்ல விட்டால் வண்டியின் மூக்கு லேசாகத் தூக்கும், அப்போ ஹேண்ட் பிரேக்கை விடணும். நின்றுவிட்டால் நிற்கட்டும், பின்னால் இருப்பவன் ஹாரன் அடித்துவிட்டுப் போகட்டும்.

விலை குறைந்த ஆட்டோமேட்டிக் எல்லாம் ஏஎம்டி. அதிலும் உள்ளே கிளட்ச் இருக்கு, நமக்குப் பெடல் இல்லை, அவ்வளவுதான். மேட்டில் ஆக்ஸிலேட்டரில் பிடித்தால் அதுவும் தீயும். பிரேக்கில்தான் பிடிக்கணும்.

இறங்கும்போது இரண்டாவது கியர். நியூட்ரலில் விட்டால் பெட்ரோல் மிச்சம் என்று எவனாவது சொன்னால் அவனை வண்டியில் ஏற்றாதீங்க. மே மாதத்தில் குன்னூர் ரோடு ஏற மட்டும், இறங்க கோத்தகிரி வழி என்று ஒரு வழிப் பாதை ஆக்குவாங்க, அதையும் மனசில் வெச்சுக்கோங்க.

பழைய_யார்டுக்காரன் | ஞாயிறு, மாலை 4:00

கிளட்ச் விஷயத்தில் அவர் சொன்னதற்கு மேல் ஒன்றுதான். வண்டியை வாங்கினதும் யார்டைச் சுற்றி ஒரு ரவுண்டு, ஆளைப் பக்கத்தில் உட்காரவைத்து. கிளட்ச் ரொம்ப மேலே வந்து பிடித்தாலோ, ஆக்ஸிலேட்டரை மிதித்து இன்ஜின் சத்தம் மட்டும் ஏறி வண்டி வேகம் ஏறாவிட்டாலோ ஏற்கெனவே தேய்ந்த பிளேட். அந்த வண்டியை மலைக்கு எடுக்காதீர்கள், வேறு கேளுங்கள். முந்தின ஆள் தொண்ணூறு சதவீதம் தீய்த்ததற்கு நீங்கள் மொத்தக் காசையும் கட்டுவீர்கள்.

மலைக்குப் போகிறேன் என்று முன்பே சொல்லிவிடுங்கள். சில இடங்களில் மலைக்குத் தனிக் கட்டணம், சில இடங்களில் அனுமதியே இல்லை. ஜிபிஎஸ் இருக்கிறது, மறைக்க முடியாது.

ஸ்ரீவில்லி_பால்கோவா | ஞாயிறு, மாலை 5:12

யாரும் இ-பாஸ் பற்றிப் பேசவில்லையே? 2024 மே 7-லிருந்து நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் உயர் நீதிமன்ற உத்தரவுப்படி இ-பாஸ் கட்டாயம். நீலகிரியில் பதிவான டிஎன் 43 வண்டிக்கு அங்கே விலக்கு. பாஸுக்குக் காசு கிடையாது, ஆனால் வண்டி எண் வேண்டும். இங்கேதான் வாடகைக்காரர்களுக்குச் சிக்கல். பல கம்பெனிகள் வண்டி எண்ணைக் கடைசி ஓரிரு மணி நேரத்தில்தான் சொல்வார்கள். 2025 சீசனில் நீலகிரிக்கு வார நாளில் 6,000 வண்டி, வாரக் கடைசியில் 8,000 என்று உச்சவரம்பு வைத்தார்கள். கடைசி நேரத்தில் பாஸ் கிடைக்காமல் போனால் மேட்டுப்பாளையத்தில் பாக்கு மரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டியதுதான், ஹோட்டல் காசும் போச்சு. எண்ணை முன்பே உறுதியாகச் சொல்லும் இடமாகப் பாருங்கள், வார நாளாகவும் பாருங்கள்.

கனகாம்பரம் | செவ்வாய், இரவு 9:40

டிக்கெட் கிடைத்துவிட்டது! போக திங்கள் ராத்திரி, வர வெள்ளி ராத்திரி, இரண்டும் நீலகிரி எக்ஸ்பிரஸ்.

கோவையில் நான்கு இடங்களுக்கு போன் போட்டேன். 'வாடகை எவ்வளவு' என்று ஆரம்பிக்காமல், 'டெபாசிட்டிலிருந்து எதற்கெல்லாம் பிடிப்பீர்கள்' என்று ஆரம்பித்தேன். இரண்டு பேர் அதெல்லாம் ஒன்றும் இல்லை மேடம் என்று மழுப்பினார்கள், ஒருவர் போனையே வைத்துவிட்டார். நான்காவது இடத்தில் ஒரு பெண் பேசினார், சலிக்காமல் ஒவ்வொன்றாகச் சொல்லி அதையே மெயிலிலும் அனுப்பினார். கறுப்புப் பலகை ஹேட்ச்பேக், வரி உட்பட நாளுக்கு 2,200, மூன்று நாளுக்கு 6,600. கிலோமீட்டர் 450. சேதப் பொறுப்பு 15,000 வரை என்னுடையது, நாளுக்கு 250 கட்டினால் 5,000 வரை, அதையும் சேர்த்தேன், 750. தாமதமானால் மணிக்கு 300. உள்ளே அசுத்தம் செய்தால் 1,500. டெபாசிட் 5,000, கார்டிலேயே ஏழு வேலை நாளில் திரும்ப. வண்டி எண் இரண்டு நாள் முன்பு. செவ்வாய் மாலை 5 மணிக்கு எடுத்து வெள்ளி மாலை 5 மணிக்குத் திருப்ப வேண்டும், முதல் நாள் பகலில் தோழி வீட்டில் தூங்கிவிட்டுப் போகிறோம்.

ரைடர்மணி | செவ்வாய், இரவு 10:01

சாயங்காலம் 5 மணிக்கு எடுத்து இருட்டில் மலை ஏறப் போறீங்களா?

கனகாம்பரம் | செவ்வாய், இரவு 10:06

இல்லை அண்ணா, அன்று ராத்திரியும் கோவையிலேயே. புதன் விடியற்காலை ஏறுகிறோம். ராத்திரி ஆளில்லாத ரோட்டில் கொஞ்சம் ஓட்டிக் கை பழக்கிக்கொள்ளலாம் என்றுதான் முந்தின நாளே எடுக்கிறேன்.

ரைடர்மணி | செவ்வாய், இரவு 10:08

அது நல்ல ஐடியா. நல்லபடியாகப் போய்ட்டு வாங்க.

கனகாம்பரம் | ஞாயிறு, காலை 8:30 (பன்னிரண்டு நாள் கழித்து)

போய் வந்தாச்சு. யாரையும் இடிக்கவில்லை.

வண்டி ஈரத்தோடுதான் வந்தது! எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. துணி கேட்டேன், அந்தப் பையன் டேஷ்போர்டைத் திறந்து ஒரு மஞ்சள் துணி கொடுத்தான். துடைத்தேன். பின் பம்பரின் இடது ஓரத்தில் விரல் நீளத்துக்கு ஒரு கீறல். வீடியோவில் காட்டி, 'இது பழசு' என்று அவன் குரலிலேயே சொல்லவைத்தேன். மாமியார் நாற்காலியில் உட்கார்ந்து, கார் வாங்க வந்தவள் மாதிரி பார்க்கிறாளே என்றார்.

ஏறும்போது மூன்றாவது கொண்டை ஊசியில் ஒரு தடவை ஆஃப் ஆகிவிட்டது. பின்னால் பஸ். ஹேண்ட் பிரேக்கைப் பிடித்து, மூக்கு தூக்கும் வரை காத்திருந்து எடுத்தேன், ஒரு இஞ்ச் நழுவவில்லை. நொய்யல்கரை அண்ணா, உங்களுக்குக் கோவில் கட்டலாம்.

இறங்கும்போதுதான் வினை. கோத்தகிரியில் வாங்கிய வர்க்கி பிஸ்கட்டைச் சின்னவன் பாதிப் பை காலி செய்திருக்கிறான், பின் சீட்டில் என்ன நடக்கிறது என்று நான் பார்க்கவில்லை. நாலு வளைவு இறங்கியதும் சீட், கால் மிதி, கதவு என்று எல்லா இடத்திலும் வாந்தி. 1,500 என்ற எண் கண்முன்னால் வந்து நின்றது. ஓரம் கட்டி, தண்ணீர் ஊற்றி, கையில் கிடைத்ததைப் போட்டுத் துடைத்து, மேட்டுப்பாளையம் வந்ததும் ஒரு வாட்டர் சர்வீஸில் விட்டேன். அந்தப் பெரியவர் மிதியைக் கழற்றி ஷாம்பூ போட்டு, சீட்டை உறிஞ்சி எடுத்து, 400 ரூபாய் வாங்கினார். ஊட்டி ரோட்டில் எங்களுக்கு மே மாதம் முழுக்க இதே வேலைதான் பாப்பா என்றார். ஜன்னலைத் திறந்து வைத்துக் காயவைத்துக்கொண்டே கோவை வந்தோம்.

நாலே முக்காலுக்கு யார்டில். பம்பரைக் காட்டி, மேடம் இது என்று ஆரம்பித்தார்கள். இது வேறு ஆள். வீடியோவை இரண்டாவது நிமிடத்தில் நிறுத்திக் காட்டினேன். சரிங்க மேடம் என்று போய்விட்டார்.

ஓடியது 338 கிலோமீட்டர். பெட்ரோல் 2,450. வாடகையும் பாதுகாப்பும் 7,350, வாட்டர் சர்வீஸ் 400. மொத்தம் 10,200. டிரெயின் தனி. டெபாசிட் இன்னும் வரவில்லை, வண்டியைத் திருப்பி இரண்டு நாள்தான் ஆகியிருக்கிறது, பொறுத்துப் பார்க்கிறேன்.

மீன்குழம்பு_ஞாயிறு | ஞாயிறு, காலை 9:15

வாந்திக்கு வாட்டர் சர்வீஸ், சூப்பர். இதை நான் திருடிக்கொள்கிறேன், எங்கள் வீட்டிலும் ஒரு வர்க்கி பார்ட்டி இருக்கிறது.

கனகாம்பரம் | புதன், மாலை 7:22

டெபாசிட் வந்துவிட்டது. 4,880.

வடலி | புதன், இரவு 7:50

மற்ற 120 எங்கே?

கனகாம்பரம் | புதன், இரவு 8:04

போன் போட்டுக் கேட்டேன். மஞ்சள் துணியாம். மைக்ரோஃபைபர், வண்டிப் பொருள் பட்டியலில் இருக்கிறது என்று மெயிலைப் பார்க்கச் சொன்னார்கள். பார்த்தேன், ஸ்டெப்னி, ஜாக்கிக்கு அடுத்த வரி. வாந்தியைத் துடைத்தது அதில்தான், கோத்தகிரி ரோட்டில் குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டேன்.

பழைய_யார்டுக்காரன் | புதன், இரவு 8:30

எங்கள் யார்டிலும் துணி பட்டியலில் இருந்தது மேடம். சொல்ல மறந்துவிட்டேன். அப்போது 80 ரூபாய்.